பொரி வாத்துகள்

விடிகிற நேரத்தில் வடிவு தன் வீட்டுவண்டியின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, மடக்கு நாற்காலியைக் குளக்கரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் எட்வின் பொன்னையா வந்துவிடுவார். தோளில் தொலைநோக்கி, கையில் இரண்டு டம்ளர் பால் விடாத கட்டஞ்சாயா. கார்த்திகையில் முகாம் கூடியதிலிருந்து அவர் சாயா கொண்டுவரத் தவறியதில்லை. அவளும் ஒரு நாள்கூட அவரை வெறுக்கத் தவறியதில்லை.

“என்ன வடிவம்மா, நம்ம ஆளுங்க இருக்காங்களா?”

“நடுத்திட்டுல நிக்குது. நீங்களும் பாருங்க.”

எட்வின் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வரித்தலை வாத்துகள் திட்டு முழுவதும் கூட்டமாக நின்று சிறகு கோதிக்கொண்டிருந்தன. பிறகு அவர் சாட்சிப் பலகையை நீட்டினார். இருவரும் ‘உள்ளன’ என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கரையோரம் நின்ற நாற்பது வண்டிகளும் இன்னொரு நாள் இருக்கலாம்.

வைகைக்குத் தெற்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பங்குனி பிறந்துவிட்டால் ஈரவெக்கை இறங்கும். காற்று வெந்நீரில் நனைத்த துணி மாதிரி உடம்பைச் சுற்றிக்கொள்ளும். வியர்க்கும், ஆனால் வியர்வை காயாது. சூட்டை வெளியே விட வழியில்லாமல் உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகும். நல்ல திடமான ஆள்கூட அரை நாள் தாங்கமாட்டான். குளிர்கால மாதங்கள் மட்டும் தெற்கு திறந்திருந்தது. அப்போது கோவையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் மின்பாதை வழியாக வீட்டுவண்டிகளை ஓட்டிக்கொண்டு இறங்கி வருவார்கள். சக்கரத்தின் கீழே சாலையே மின்சாரம் கொடுக்கும். குளக்கரைகளில் முகாம் போட்டு, பறவை பார்த்து, மீன் குழம்பு வைத்து, கேரம் ஆடி, புதுச் சிநேகிதம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள்.

எப்போது திரும்புவது என்பதுதான் சிக்கல். கணிப்பு எந்திரங்கள் சில ஆண்டுகள் பிசகின. வாத்துகள் பிசகவில்லை. இமயத்தைத் தாண்டி வடக்கே போகிற இந்தப் பறவைகள் குளத்தைவிட்டுக் கிளம்பிய இரண்டொரு நாளில் வெக்கை இறங்குகிறது என்று கண்டார்கள். பருவ ஆணையம் அதையே சட்டமாக்கிவிட்டது. படமெடுக்கும் ட்ரோன்களைக் கண்டால் வாத்துக் கூட்டம் கலைந்துவிடும் என்பதால் மனிதக் கண்ணே போதும் என்றார்கள். முகாமுக்கு இரண்டு பறவைச் சாட்சிகள். இருவரும் ‘போய்விட்டன’ என்று விரல் வைத்தால் மறுநாளுக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும். ஒரு வாத்து கண்ணில் பட்டாலும் காலம் முடியவில்லை. பொய்ச் சாட்சி சொன்னவர் பிறகு வாழ்நாளில் வைகையைத் தாண்ட முடியாது.

ஏழு குளிர்காலத்துக்கு முன் வேறொரு குளத்தில் வடிவின் கணவர் குமரகுரு இறந்துபோனார். அந்த வருடம் அவளுக்கு முட்டி அறுவைச் சிகிச்சை, அதனால் அவர் மட்டும் வந்திருந்தார். கடைசியாகப் பேசியபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “குளம் காலியாக் கெடக்கு வடிவு. ஆனா சாட்சிக்காரர், எட்வின்னு ஒருத்தர், அந்தக் கரையில நிக்குதுன்னு சாதிக்காரு. அவரு மகளுக்கு இங்க வச்சு நிச்சயதார்த்தமாம். எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போகணுமாம்.” விருந்துக்கு மறுநாள் வெக்கை இறங்கியது. இன்னொரு சாட்சியும் அதில் போய்விட்டார். விசாரணையில் எட்வின் ‘பார்த்தேன்’ என்றார். இல்லை என்று சொல்ல வேறு சாட்சி உயிரோடு இல்லை. செத்துப்போன ஒருவர் போனில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ரயில்வேயில் சிக்னல் பிரிவுப் பொறியாளராக இருந்தவள் வடிவு. பொறுமையாக ஒன்றைத் தேடிப் பிடிப்பது அவளுக்குப் புதிதல்ல. வாத்துகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். சாட்சித் தேர்வு எழுதினாள். வருடத்துக்கொரு முகாமாகத் தேடி, கடைசியில் இந்த நீர்க்காத்தான்குளத்தில் அவரைக் கண்டுபிடித்தாள். அவருடைய பழைய துணைச் சாட்சி முதுமையில் இறந்ததால் அந்த இடம் காலியாக இருந்தது. என்ன செய்யப் போகிறோம் என்று வரும்போது அவளுக்கே தெரியாது. ஏதாவது செய்யாமல் திரும்பப் போவதில்லை என்று மட்டும் தெரியும்.

அவள் எதிர்பாராமல் கிடைத்தவள் பல்கீஸ். காயல்பட்டினத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், கணவர் இல்லை, ஒரே மகள் பெங்களூரில். பக்கத்து வண்டி. வடிவு நொண்டுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வந்து முட்டியைப் பிடித்து நீட்டி மடக்கத் தொடங்கினாள். ஏழு வருடமாக யாரோடும் ஒட்டாமல் இருந்த வடிவு, பல்கீஸ் ஆக்கிய முட்டைப் பலகாரமான வட்டிலாப்பத்தைத் தின்றுகொண்டு சத்தமாகச் சிரிக்கிற அளவுக்கு மாறினாள். சாயங்காலமானால் பல்கீஸ் கரையில் நின்று பொரி வீசுவாள். கூடாது என்று பலகை இருந்தது. அதைப் படித்தவர்களும் வீசினார்கள்.

“பாருங்கக்கா, அந்த நொண்டி வாத்து என் குரலுக்கே வருது. உங்களுக்குத் தோஸ்துதான், ரெண்டு பேருக்கும் ஒரே கால்.”

தை மாதம் ஒரு காலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டே பல்கீஸ் பேச்சுவாக்கில் சொன்னாள்: “இந்த முகாம் எப்பவும் சீக்கிரமே மூடிரும்க்கா. மத்த குளத்துலல்லாம் இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் கும்மாளம் போடுவாங்க. நம்ம எட்வின் அண்ணாச்சி பயந்தாங்கொள்ளி. போன வருசம் நொண்டி திட்டுல நிக்குது, நான் என் கண்ணால பாக்குறேன், இவரு போயிருச்சுன்னு விரல் வச்சு, துணைச் சாட்சியையும் வைக்கச் சொல்லிட்டாரு.”

“நீ ஒண்ணும் கேக்கலியா?”

“என்னத்தக் கேக்க? பாவம், பெத்த மக பேசுறதில்ல. மனசுல என்ன கெடக்கோ.”

வடிவு அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தாள். எட்வின் மத்தி மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது.

மாசி கடைசியில் ஒரு காலை, கூட்டம் எழும்பியது. கூவிக்கொண்டே குளத்தை ஒருமுறை சுற்றி, கோணலாக வரிசை கட்டி வடக்கே போனது. எட்வின் கண் மறையும்வரை பார்த்தார். தண்ணீரோரத்தில் பத்துப் பதினைந்து வாத்துகள் மட்டும் நேற்றைய பொரியைக் கொத்திக்கொண்டிருந்தன. நொண்டியும் அதில் இருந்தது.

“போயிருச்சு. விரலை வைங்க வடிவம்மா.”

“நிக்குதே.”

“அது பொரி வாத்து. நாம போட்டுப் போட்டு வயித்துக்குப் பழகிக் கெடக்கு. அதுக்குக் காத்தும் தெரியாது, வெக்கையும் தெரியாது. கூட்டம் போயாச்சு, நாம கெளம்பணும்.”

“சட்டத்துல பொரி வாத்துன்னு தனியா ஒண்ணும் இல்லியே.”

“சட்டம் எழுதுனவங்க பொரி போட்டுப் பாத்ததில்ல.” எட்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஒரு தடவ நான்...” என்று தொடங்கினார்.

வடிவு காத்திருந்தாள். அவர் மேலே சொல்லியிருந்தால் அவள் வேறு மாதிரி நடந்திருப்பாளோ என்னவோ.

“ஒண்ணுமில்ல,” என்றார் எட்வின். “விரலை வைங்க.”

அவர் சொல்வது சரி. வடிவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏழு வருடம் இந்தப் பறவைகளைப் படித்தவள் அவள். அவள் ‘உள்ளன’ என்ற இடத்தில் விரலை வைத்தாள். எட்வினின் விரல் ‘போய்விட்டன’ மேல் இருந்தது. இரண்டு சாட்சியும் முரண்பட்டதால் பலகை சிவந்து, ஆணையத்துக்குத் தகவல் போனது.

மதியத்துக்குள் ஆணையத்தின் ஆய்வாளர் வந்தார். நொண்டி வாத்தைத் தன் கண்ணால் பார்த்துப் படமெடுத்தார். “இது இந்த வருசம் மட்டும் இல்ல சார்,” என்றாள் வடிவு. “பல்கீஸைக் கேளுங்க.” பல்கீஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “நின்னுச்சுதான்... ஆனா அண்ணாச்சி நம்ம நல்லதுக்குத்தான்...” என்று இழுத்தாள். முதல் பாதியே ஆய்வாளருக்குப் போதுமாக இருந்தது.

அந்த இடத்திலேயே எட்வினின் உரிமம் ரத்தானது. செய்தி பரவியதும் வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். “வருசா வருசம் எங்க நாளைத் திருடித் தின்னிருக்கீரே, நல்லாருப்பீரா?” என்று ஒருவர் கத்தினார். எட்வின் வீட்டுக் குழம்பைத் தின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வடிவு எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்குவது போல இருந்தது. கணவர் பெயரைச் சொல்லி அந்த ஆளின் முகம் மாறுவதையும் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். எட்வினோ அவளைப் பார்க்கவே இல்லை, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல இன்னொரு நாள் வரும் என்று விட்டுவிட்டாள்.

வண்டியைக் கிளப்புவதற்கு முன் அவர் பல்கீஸிடம் போனார். “தங்கச்சி, என் மேல கோவம் இருந்தா இருக்கட்டும். என்கூடக் கெளம்பி வந்துருங்க.”

“வடிவக்கா இருக்காங்கல்ல அண்ணாச்சி. அவங்க பாத்துக்கிடுவாங்க.”

காலி இடத்துக்குத் தற்காலிகச் சாட்சியாகப் பல்கீஸையே போட்டார்கள். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வாத்துகள் பொரி தின்றன, பலகையில் பச்சை எரிந்தது, முகாம் திருவிழா மாதிரி இருந்தது. வடிவுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. இன்று ஒரு நாள் போகட்டும், நாளைக் காலையில் எல்லோரையும் கிளப்பிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்வின் சொன்னதே சரி என்று ஊரறிய ஒத்துக்கொள்வதற்கு அவள் மனம் ஒரு நாள் தவணை கேட்டது.

அந்த மறுநாள் காலை, கொடியில் கிடந்த துண்டு காயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. வடிவு மூச்சை இழுத்தாள், காற்று உள்ளே போக மறுத்தது. அவள் ஒவ்வொரு வண்டிக் கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினாள்.

மின்பாதையில் ஏறிய பிறகுதான் அடுத்தது தெரிந்தது. மூடல் அறிவிப்பு போனால்தான் ஆணையம் சாலைக்குக் கூடுதல் மின்சாரம் விடும். பலகையில் நேற்றுவரை பச்சை. இருந்த மின்சாரத்தை நாற்பது வண்டிகளின் ஏசியும் உறிஞ்ச, எல்லா வண்டிகளும் நடக்கிற வேகத்துக்கு இறங்கின. கோவில்பட்டியைத் தாண்டும் முன் பல்கீஸின் ஏசி நின்றது. வடிவு அவளைத் தன் வண்டிக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் இதுவும் சூடான காற்றையே ஊதியது. ஈரத்துணி போட்டு விசிறினாள். துணி சுட்டது.

“அக்கா, பொரி மூட்டையக் கட்டாம வந்துட்டேன்,” என்றாள் பல்கீஸ். பிறகு மகளின் பேரைச் சொன்னாள். பிறகு வடிவை யாரென்று கேட்டாள்.

வைகைப் பாலத்தின் வடகரையில் பனிக்கட்டிப் பெட்டிகளோடு ஆட்கள் நின்றார்கள். எட்வின் அவர்களுக்கு நடுவே ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்து, “தங்கச்சி! தங்கச்சி!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். வடிவு கதவைத் திறந்தாள். அவரைப் பக்கத்தில் பார்த்ததும், ஏழு வருடம் வாய்க்குள் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

“நான் குமரகுரு பெஞ்சாதி.”

“பொறவு சொல்லுங்கம்மா. கால் பக்கம் பிடிங்க.”

அவள் பிடித்தாள். இருவரும் பல்கீஸைப் பனிக்கட்டித் தொட்டிக்குத் தூக்கிப் போனார்கள். அவள் விழிக்கவில்லை.

அந்த முகாமில் பல்கீஸோடு சேர்த்து ஆறு பேர் செத்துப்போனார்கள். மதுரையில் விசாரணை நடந்தது. அதிகாரி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார், வாத்துகள் இருந்தனவா என்று. இருந்தன என்றாள் வடிவு. ஆய்வாளரின் படம் சாட்சியாக இருந்தது. அவள் மேல் தவறில்லை, உரிமம் தொடரும் என்று தீர்ப்பானது. எட்வினின் தடையும் தொடர்ந்தது.

வெளித் தாழ்வாரத்தில் எட்வின் நின்றுகொண்டிருந்தார். வடிவு அவரிடம் போய், எந்தக் குளம், எந்த வருடம், யார் அந்தக் குமரகுரு என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

“பேரு எனக்குத் தெரியாதும்மா,” என்றார் கடைசியில். “பேரெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா என்னால இருக்க முடியாதுன்னு யாருகிட்டயும் கேக்கவே இல்ல.” பிறகு, “அன்னைக்கு நான் சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?” என்றார்.

“தெரியும்.”

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வடிவு இன்னும் சில வருடம் இருந்திருப்பாள். அவர் மேலிருந்த வெறுப்பு அப்போதும் குறையவில்லை. ஆனால் அவர் நடந்து போவதைப் பார்க்கையில் தன் முதுகைத் தானே பார்ப்பது போல அருவருப்பாக இருந்தது.

திரும்பியபோது தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். பல்கீஸின் நெற்றி, பல்கீஸின் கண்.

“நீங்கதானே வடிவு பெரியம்மா? நான் ரைஹானா. உம்மா போன் பண்ணா உங்களப் பத்தித்தான் பேசுவாங்க. அக்கா, அக்கான்னு.”

அவள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று வடிவு கேட்கத் தேவையில்லை, எல்லாம் காதில் விழுந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. ரைஹானா அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஒரு முகத்தை மனப்பாடம் செய்கிறவள் போல வடிவை நிதானமாகப் பார்த்தாள்.

“அடுத்த குளிருக்கு எந்தக் குளத்துக்குப் போவீங்க பெரியம்மா?”

போவதில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறொரு பெயரைச் சொல்லியிருக்கலாம். வடிவு குளத்தின் பெயரைச் சொன்னாள், வண்டியை எந்தக் கரையில் நிறுத்துவாள் என்பதையும் சொன்னாள்.

“துணைச் சாட்சி இன்னும் யாரும் வரல,” என்றாள்.

ரைஹானா சரி என்று தலையசைத்துவிட்டுப் போனாள்.