அழுக்கு களவு போன காலை

காலை மணி 7.10. தையல் கூடத்தில் டிசைனர் அலறிய அலறலில், டீ குடித்துக்கொண்டிருந்த கட்டிங் அக்காவுக்கு நாக்கு சுட்டுவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், கதாநாயகனின் கோட்டு மாப்பிள்ளைக் கோட்டு மாதிரி பளிச்சென்று தொங்குகிறது! ஐயையோ! உலகம் அழிந்து முப்பது வருஷம் ஆன, தண்ணீரே இல்லாத நகரத்தில் நடக்கிற படம் அது. மெழுகில் குழைத்த சாம்பலும் கரியுமாக ஆறு வாரம் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அழுக்கு, பொட்டுகூட மிச்சமில்லை. பதினொரு மணிக்கு முதல் ஷாட்.

"வெந்நீர்ல போட்டு அலசியிருக்காங்க," என்றார் புழுதியார். புதுத் துணியைப் பழசாக்குவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர்.

எல்லார் கண்களும் சலவைக்காரி மேல் திரும்பின. காலையில் முதலில் வந்து கதவைத் திறந்தவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்து நாலே நாள். போதாததற்குக் கட்டிங் அக்காவின் கூடப்பிறந்த தங்கை.

"சத்தியமா நான் தொடவே இல்ல மேடம்!"

"அழுக்குத் துணின்னு நெனச்சுத் துவைச்சிட்ட. இனிமே நீ வேலைக்கு வர வேணாம்," என்றார் டிசைனர்.

தங்கையின் முகம் சுண்டிப்போனது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எட்டு மணி வரைக்கும் டைம் குடுங்க மேடம். இவதான் துவைச்சான்னா நானும் இவகூடவே கெளம்பிடறேன்."

வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் சொல்லி முடித்ததுமே அக்காவின் உடம்பெல்லாம் ஒரு துறுதுறுப்பு.

மணி 7.25.

"கடைசியா கோட்டைத் தொட்டது யாரு?" என்று கேட்டார் அக்கா.

"நான்தான்," என்றார் புழுதியார். "நேத்து சாயங்காலம் ஓரத்தை லேசாக் கருக்கிட்டு மாட்டிட்டுப் போனேன்."

"விரல்ல என்ன பிளாஸ்திரி?"

"கேஸ் டார்ச் சுட்டுடுச்சு. நம்ம பொழப்புல சகஜந்தானே!"

"சண்டைக் காட்சி டூப்புக்கு இன்னொரு கோட்டு தைச்சுக் குடுத்தோமே?"

"மெழுகு பூசி அலமாரியில பூட்டி வெச்சிருக்கேன். இப்பத் தொறந்தா தூசி ஒட்டும்."

தூசி ஒட்டுமாம்! அழுக்காக்கவே வைத்திருக்கும் துணிக்குத் தூசி பயமா? அக்கா நேராகத் தன் மேசைக்குப் போய்க் கோட்டை வெட்ட அளவு வரைந்த பேப்பர் பேட்டர்னை எடுத்து வந்தார்.

மணி 7.40. கோட்டை மேசையில் விரித்து, அதன் கைப்பகுதியின் மேல் பேட்டர்ன் தாளை வைத்தார். தையலுக்கு விட்டது போக, தோளிலிருந்து மணிக்கட்டு வரை நூல் பிசகாமல் பொருந்தியது. 

"மேடம், மாட்டிக்கிச்சு!"

கூடமே கூடிவிட்டது.

"துணி வெறைப்பா நிக்கணும்னு நீங்க சொன்னதால, நனைக்காமலே வெட்டினேன். கோடித் துணி மேடம்! முதல் தண்ணியில கை ஒரு இஞ்ச் சுருங்கியிருக்கணும். இது ஒரு நூல்கூடச் சுருங்கல. இதுல தண்ணியே படல. துவைச்ச கோட்டு இல்ல இது, டூப்புக்குத் தைச்ச புதுக் கோட்டு! அது இருந்தது ஒருத்தர்கிட்டதான். புழுதியாரே, அலமாரிச் சாவி!"

புழுதியார் சாவியை நீட்டினார். அலமாரி திறந்தது. உள்ளே ஆறு வார அழுக்கோடு அசல் கோட்டு. முதுகில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கருகிய ஓட்டை.

"டார்ச் கை தவறிடுச்சு மேடம். என்ன பண்றதுன்னு தெரியாம..."

"அதுக்கு எந்தங்கச்சி தலையிலயா கட்டுவீங்க?" அக்கா கத்தினார்.

டிசைனர் ஓட்டையின் விளிம்பைத் தடவினார். கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திடீரென்று ஒரு கூச்சல்: "ஆறு வாரமா நான் தேடினது இதைத்தான்! அழிஞ்ச ஊர்க் கோட்டுன்னா இப்படித்தான் இருக்கணும்! அக்கா, இந்த ஓட்டையை அப்படியே பேட்டர்ன்ல வரைங்க. டூப் கோட்டுக்கும் இதே மாதிரி வேணும். புழுதியாரே, அதை நீங்கதான் எரிக்கணும். முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. நானும் கேக்கறேன்."

இருவரும் கேட்டார்கள். பிறகு டிசைனர் கோட்டைச் சலவைக்காரியிடமே நீட்டினார். "செட்டுக்கு நீயே பத்திரமா எடுத்துட்டுப் போ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கை கழுவிட்டு வந்துடறேன் மேடம்."

"ஐயோ, கழுவாதே! ஈரக் கையோட அதைத் தொடாதே!" என்று பதறினார் டிசைனர்.

தங்கை அழுகையோடு சிரித்தாள்.