கேட்டதைத் திருப்பிச் சொன்னவள்

லினேயா தப்பாகச் சொன்ன ஸ்பானிய வாக்கியத்தைக் குளியலறைச் சன்னலுக்கு வெளியிலிருந்து யாரோ சரியாகச் சொன்னார்கள்.

பல் துலக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அந்தச் சன்னல் தெருவைப் பார்த்ததல்ல. கட்டடத்துக்கும் பக்கத்து மனையின் மதிலுக்கும் நடுவே, வெளிச்சத்துக்காகக் கிணறு போல விட்டிருந்த இடைவெளியைப் பார்த்தது. மேலே கையகல வானம், கீழே இருட்டு, ஈர சிமெண்ட் வாசனை, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம். அவள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். நாக்கு எங்கே புரள வேண்டுமோ அங்கே புரண்டு, ஒரு பெண்குரல் பொறுமையாக மறுபடி திருத்தியது.

பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. மெக்சிகோ நகரத்தில் யாரும் அவளைத் திருத்துவதில்லை. எவ்வளவு உளறினாலும் சிரித்துத் தலையாட்டிவிடுவார்கள். மாதக் கடைசியில் ஒரு ஓட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்காணல். ஸ்பானியம் வாயில் நிற்காவிட்டால், காற்றையும் கோதுமைக் கிடங்கையும் தவிர வேறெதுவும் இல்லாத கனடாவின் சொந்த ஊருக்கே திரும்ப வேண்டும். மொழிப்பள்ளி ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வழி ஒன்றே: அர்த்தம் தேடாதே, காதில் விழுந்ததை உடனே வாயால் சொல்.

அதனால் தினமும் மாலையில் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே அந்தக் குரல் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள்.

“இங்கதான் இருக்கேன்.”

“இங்கதான் இருக்கேன்.”

“படிக்கட்டுக்குக் கீழ.”

“படிக்கட்டுக்குக் கீழ.”

“போயிடாதீங்க.”

“போயிடாதீங்க.”

பலன் தெரிந்தது. முன்பெல்லாம் “வா வெள்ளச்சி, மாம்பழம் தேனாட்டம் இருக்கு, ஒரு துண்டு தின்னுட்டு அப்புறம் கல்யாணம் பேசலாம்!” என்று கத்தும் பழக்காரன், அவள் விலை கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். “எந்தத் தெருங்க நீங்க? எங்கயோ கேட்ட குரலா இருக்கே” என்றான். மரியாதையாக. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

காலையில் எழுந்தால் நாக்கில் மட்டும் நறநறவென்று எதுவோ ஒட்டியிருந்தது. துப்பினால் சாம்பல் நிறத்தில் வந்தது. நகரத்துப் புழுதி என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஃபோனில் கூப்பிட்டாள். வாயைத் திறந்ததும் ஸ்பானியம் வந்தது. சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுபடியும் ஸ்பானியம். ‘நான்தான்’ என்பதற்கு வீட்டில் என்ன சொல்வார்கள்? பிறந்ததிலிருந்து சொன்ன வார்த்தை. தேடினாள். சாமான்களைக் காலி செய்த வீட்டில் கைவிளக்கோடு நடப்பது போலிருந்தது.

“யாருங்க பேசறது?” அம்மா குரலை உயர்த்தினாள். “என் பொண்ணு ஃபோன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அவ எங்க?”

சமையலறையில் வீட்டுக்காரி தோன்யா கூக்கா கல்லில் சோள ரொட்டி திருப்பிக்கொண்டிருந்தாள். லினேயா உள்ளே வந்து ஏதோ கேட்டதும் அவள் கை நின்றது. ரொட்டி கருகத் தொடங்கியது.

“இன்னொரு தடவ பேசு.”

“என்ன பேசறது?”

“இது ஒத்திலியா குரல்.” அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. “பக்கத்துக் கட்டடத்துல இருந்தவ. நிலநடுக்கத்துல அது விழுந்துச்சே, படிக்கட்டுக்குக் கீழ மாட்டிக்கிட்டா. பேசிக்கிட்டே இருந்தா. அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. உடம்பு கூடக் கிடைக்கல. நீ அவளுக்கு பதில் சொன்னியா மகளே?”

“இல்ல. அவ சொன்னதத் திருப்பிச் சொன்னேன். அவ்வளவுதான்.”

“அடிப் பாவி! கீழேர்ந்து வர்ற குரலுக்கு மேலேர்ந்து ஒரு குரல் குடுத்துட்டா, ஆள வெளிய எடுக்கற வரைக்கும் அந்த எடத்த விட்டு நகரக் கூடாது. இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அவ ‘இங்க இருக்கேன்’னா. நீயும் ‘இங்க இருக்கேன்’னிருக்க. இப்ப யாரு எங்க...” மீதியைச் சொல்லாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

லினேயா குளியலறைக்கு ஓடிச் சன்னலை எட்டிப் பார்த்தாள். எதிர்மதிலில் சன்னலே இல்லை. ஒன்று கூட இல்லை. சன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினாள். பெட்டியைக் கட்டினாள். நேர்காணல் எக்கேடோ கெடட்டும். கோதுமைக் கிடங்கு போதும். காற்று போதும். அம்மா போதும்.

மறுநாள் பெட்டியோடு படியிறங்கும்போது சைரன் ஊளையிட்டது. நிலநடுக்கத்தின் நினைவு நாள்; ஆண்டுதோறும் நடக்கும் ஒத்திகை. எல்லா வீட்டு ஆட்களும் தெருவுக்கு வந்தார்கள். கூட்டம் அவளை நெருக்கிக்கொண்டுபோய், கட்டடம் விழுந்த பக்கத்துக் காலி மனையின் தகர வேலியோரம் நிறுத்தியது. தோன்யா கூக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

சைரன் ஓய்ந்தது. யாரோ ஒருவர் முஷ்டியை உயர்த்தினார். இடிபாட்டின் மேல் முஷ்டி உயர்ந்தால் எல்லோரும் வாய்மூட வேண்டும், அடியிலிருந்து குரல் வருகிறதா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பழக்காரனின் கை. தோன்யா கூக்காவின் கை. லினேயாவின் கையும்.

நிசப்தம். நாய்கூடக் குரைக்கவில்லை.

தகரத்துக்கு அப்பால், மண்ணுக்கு அடியில், ஒரு குரல்.

ஒத்திலியாவின் குரல் அல்ல. சின்ன வயதிலிருந்து தன் தலைக்குள் கேட்ட குரல். லினேயாவின் சொந்தக் குரல். அழுதது. கெஞ்சியது. ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கூப்பிட்டது. அது என்ன சொல்? என்ன மொழி? லினேயாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏதாவது கேக்குதா?” தோன்யா கூக்கா உதடு அசையாமல் கேட்டாள்.

கேக்குது. தோண்டுங்க. நான்தான் அங்க என்று சொல்ல வந்தாள்.

வாய் திறந்தது.

“இல்ல,” என்றது, அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவளின் உச்சரிப்பில். “யாருமில்ல.”

அவள் கை தானாக இறங்கியது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கை இறங்கியது. பிறகு அடுத்தது. தெருக் கடைசி வரை, ஒவ்வொரு கையாக.