செரினுக்கு ஒரு அம்மா

போன் அலறியது!

சியோலின் பணக்கார உணவு விடுதி. தனி அறை வாசலில் நின்றபடியே எடுத்தாள் அவள்.

"மேடம், நீங்க புக் பண்ணின அம்மாவுக்குத் திடீர்னு வயித்துவலி. வேற அம்மாவை அனுப்பியிருக்கோம்."

"என்ன, விளையாடறீங்களா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்ப வந்துடுவாங்க!"

"பயப்படாதீங்க. எத்தனையோ கல்யாணத்துல அம்மாவா நடிச்சவங்க. உங்க பேரைப் பார்த்ததும் நான்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க..."

வைத்துவிட்டாள்.

ஊருக்கு அவள் யூன் செரின். பெற்றவர்கள் வைத்த பெயர் மேங் ஓக்சன். செரின் என்ற பெயர், பெரிய பல்கலைக்கழகத்துப் பட்டம் எல்லாமே ஒரே அறையில் கூடத் தங்கியிருந்தவளுடையது. அந்தச் செரின் இப்போது ஹான் ஆற்றுக்கு அடியில்...

தள்ளிவிட்டது ஓக்சன்!

இந்த ஒரு விருந்தைத் தாண்டிவிட்டால் போதும். கப்பல் கம்பெனி வாரிசு கி டேவுன் அவளுக்குப் புருஷன்.

அம்மா வந்தாள். பச்சைப் பட்டில் கொரிய ஹான்போக் உடை, நரைத்த கொண்டை. ஓக்சனின் முகத்தையே இமைக்காமல் பார்த்தாள்.

"எல்லாம் மனப்பாடமா?"

"ஆச்சு கண்ணு. அப்பா தூதரகத்துல இருந்தாரு, காலமாயிட்டாரு."

"நான் வயித்துல இருந்தப்ப நீங்க கண்ட கனவு? அதைக் கட்டாயம் கேப்பாங்க!"

"புலி."

டேவுனும் அவன் அம்மா திருமதி நாமும் வந்து உட்கார்ந்தார்கள். சூப் வந்தது, மீன் வந்தது. கேள்வியும் வந்தது.

"டேவுன் வயித்துல இருந்தப்ப நான் டிராகனைக் கண்டேன். நீங்க என்ன கண்டீங்க சம்பந்தி?"

புலி... புலி... ஓக்சனின் உதடு முணுமுணுத்தது.

"வெள்ளைப் பாம்பு," என்றாள் அம்மா.

பாவி! சொதப்பிட்டாளே!

"பாம்பா?" திருமதி நாம் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஆமா. கொல்லையில சோயா ஜாடிக்குள்ள இறங்குச்சு. அப்புறம்... வயசாயிடுச்சு சம்பந்தி, மறந்து தொலைக்குது. உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் செரின், நீயே சொல்லேன்!"

ஓக்சன் சட்டென்று சமாளித்தாள்.

"அம்மா மூடியைப் போட்டு மூடிட்டாங்க அத்தை. உள்ளேயிருந்து பாம்பு சிரிச்சுதாம்!"

"சிரிக்கிற பாம்பா! அப்ப மருமக ராசிக்காரிதான்!" திருமதி நாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அப்பாடா!

அடுத்த நொடி ஓக்சனுக்கு வியர்த்தது. அது நிஜச் செரின் சொன்ன கனவு. 'எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்' என்று ஒரு மழை நாளில் அவள் சொன்ன கனவு. கூலிக்கு வந்தவளுக்கு எப்படி...?

அம்மா மீனைப் பிய்த்து அவள் சோற்றின் மேல் வைத்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"கோவிச்சுக்கிட்டுப் போன என் பொண்ணை நான் தேடாத இடமில்ல. பேரைப் பார்த்ததும் அவதான்னு ஓடி வந்தேன். பேரு ஒண்ணா இருக்கலாம்... கனவு எப்படிடி ஒண்ணா இருக்கும்? எங்கடி என் செரின்?"

டேவுன் எழுந்துவிட்டான்.

"செரின்! இவங்க என்ன சொல்றாங்க?"

ஓக்சன் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ... நீங்க யாரு?"

"செரினுக்கு வாடகைக்கு ஒரு அம்மா வேணும்னு கேட்டியே... கம்பெனிக்காரங்க தெரியாம அசலையே அனுப்பிட்டாங்க!"