வாடத் தெரிந்த பூ

கல்யாண வரவேற்புக்கு மணப்பெண்கள் மூன்றாவது கை ஒன்றை வாடகைக்கு எடுப்பது அப்போது தென்காசியில் சாதாரண வழக்கம். முதுகில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளும் அந்த இயந்திரக் கைக்குப் ‘பின்கை’ என்று பெயர். விருந்தினர் பூங்கொத்தை நீட்டுவார், மணப்பெண் வாங்குவாள், இருவரும் பல்லைக் காட்டுவார்கள், படமெடுக்கும் விளக்கு மின்னும். உடனே பின்கை வளைந்து வந்து கொத்தைப் பிடுங்கி, மேடைக்குப் பின்னாலுள்ள தொட்டியில் கடாசிவிடும். முன்பெல்லாம் இந்த வேலையைப் பெண்ணின் சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து போகாது என்பதால் சித்தப்பாவை நிறுத்திவிட்டார்கள்.

உலகம்மை வரிசையில் நின்று தன் கொத்தை நீட்டினாள். அதிலிருந்தது அவளே உருவாக்கிய பூ. மணப்பெண் வாங்கினாள், சிரித்தாள், தொட்டிக்கு அனுப்பினாள். என்ன நிறம் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்தப் பூவுக்கு நல்வேளை என்று பெயர். பேருந்து நிலையச் சுவரோரங்களில் தானாக முளைக்கும் காட்டுச்செடி. வெள்ளை இதழ்களும் பூனைமீசை போல நீண்ட மகரந்தத் தாள்களும் நின்று பார்த்தால் அத்தனை அழகு. அந்தச் சுவரோரம் நின்றவர்களோ பூப் பார்க்க நின்றவர்கள் இல்லை. கிட்டப்போனால் நாறும், பறித்தால் வீடு போவதற்குள் தலை தொங்கிவிடும். உலகம்மை தன் இளமை முழுவதையும் ‘மரபணுத் தையல்’ என்னும் வித்தையில் செலவழித்து, நாற்றத்தை நீக்கி, காம்பை நீட்டி, மாதக்கணக்கில் வாடாமல் நிற்க வைத்தாள். யாராவது ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

அவளுக்குச் சம்பளம் கொடுத்த பூ வியாபாரி சுடலைமணி அண்ணாச்சிக்கு அப்படிப்பட்ட ஆசை எதுவும் கிடையாது. “இந்த முகூர்த்தத்துக்கு ஓடணும், டாக்டரம்மா. ஓடலைன்னா செடியைப் பூரா எரிச்சிட்டு வாசனைத் தக்காளி போட்டுருவேன்” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

முதலில் ஓடத்தான் செய்தது. வைகாசியில் நல்வேளை இல்லாத மேடையே இல்லை. ஆனியில் விற்பனை திடீரென்று படுத்துவிட்டது. ஆனால் மேடைகளில் மட்டும் பூ குறையவே இல்லை. அண்ணாச்சி உலகம்மையைக் கூப்பிட்டு, ஒவ்வொரு காம்பிலும் பதித்திருந்த தடச்சில்லு காட்டிய வரைபடத்தைச் சுவரில் ஓட விட்டார்.

“இந்த ஒத்தைக் கொத்தைப் பாருங்க. நாப்பது கல்யாணம், ரெண்டு வளைகாப்பு, ஒரு அமைச்சர் பிறந்தநாள். தொட்டியில கிடக்கதை எடுத்துட்டு அடுத்த மண்டபத்துக்குப் போயிருதான். அமைச்சருக்குக் குடுத்ததே திரும்பி நம்ம கடை திறப்பு விழாவுக்கு வந்திருக்கு! வாடாத பூவை நம்ம ஊருக்காரன்கிட்ட குடுத்தா விளங்குமா?”

“அண்ணாச்சி, பூ நல்லாயிருக்குன்னுதானே அவங்க எடுத்துட்டுப் போறாங்க?”

“இனாமா கிடக்குன்னு எடுத்துட்டுப் போறாங்க. படம் எடுத்ததும் வாடணும், அதுக்கு ஏதாவது செய்யுங்க. இல்லைன்னா தக்காளிதான்.”

அவள் கொதித்தாள். ராஜினாமாக் கடிதம்கூட மனதுக்குள் எழுதிவிட்டாள். அப்புறம் எரியப்போகும் செடிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, தையலைப் பிரித்து வேறு மாதிரி தைத்தாள். படமெடுக்கும் விளக்கின் வெளிச்சம் பட்டதும் திசுக்கள் தண்ணீரைக் கைவிட வேண்டும். கேவலமான வேலை. அதையும் சுத்தமாகச் செய்து முடித்தாள்.

ஆவணியில் புதுப் பூ இறங்கியது. உலகம்மை மறுபடியும் ஒரு வரவேற்பில் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் கொத்தை நீட்டினார், மணப்பெண் வாங்கினாள், விளக்கு மின்னியது. இதழ்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன, மீசைகள் தொய்ந்தன, காம்பு மெல்ல வளைந்து அவள் மணிக்கட்டில் சாய்ந்தது. பிடுங்க வந்த பின்கையை அவள் தட்டிவிட்டாள். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு மேடைக்கு ஓடி வந்தார்கள். பத்துப் பேர் கண்ணில் பதித்த படக்கருவியால் அந்தச் சாவைப் பதிவு செய்தார்கள். யாரோ கைதட்ட, மண்டபமே தட்டியது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் கையிலிருந்த உயிருள்ள பூக்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செத்துக்கொண்டிருந்த பூவை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மணப்பெண்ணின் கண்களில் நீர் முட்டியது. “அய்யோ, பாவம்! எவ்ளோ அழகா இருந்துச்சு! இது என்ன பூ?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் உலகம்மை இத்தனை வருஷம் காத்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

மணப்பெண் அவளுக்கு முதுகைக் காட்டிப் படக்காரரிடம் திரும்பியிருந்தாள்.

“அண்ணே, நான் அழுதது விழுந்துச்சா? கண்ணீர் சரியா தெரியலைன்னா சொல்லுங்க, இன்னொண்ணைக் கொண்டாரச் சொல்லுதேன்.”