எதிரொலி இல்லாத தெரு

படத்தில் ரைலியின் வீடு கருப்பாக இருந்தது.

மூன்று மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர். வெளியே பனி விழ, வெப்பக்குழாய் மெல்ல முனக, ஆறிப்போன காப்பியின் கசந்த வாசனைக்கு நடுவே அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். செயற்கைக்கோளிலிருந்து வரும் ரேடார் அலைக்கு இருட்டும் மேகமும் ஒரு பொருட்டல்ல. சுவரில் பட்டால் திரும்பிப் போய் வெள்ளையாகப் பதியும். காடு சாம்பல் நிறம். அசையாத நீரில் பட்ட அலை மட்டும் விலகிப் போய்விடும். எதுவும் திரும்பாத இடம் கருப்பு. வீடு, சாலை, காடு, நீர் என்று இருபத்தாறு வருடமாக வரைபட அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த நகரத்தை அவள் அப்படித்தான் பிரித்து வந்தாள்.

போன மாதம் அவள் தெருக்கோடியில் வசிக்கும் ஹில்க்கா அம்மாவின் வீடு கருத்திருந்தது. சந்தேகம் வந்தால் நேரில் போய் நின்று பார்த்துப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தன் தெருதானே என்ற அலுப்பில் ரைலி போகாமலே எழுதினாள்: ‘நேரில் பார்த்தேன். வீடு.’ பன்னிரண்டு நாள் கழித்து வந்த அடுத்த படத்தில் நான்கு வீடுகள் கருத்தன. அப்போதும் அதையே எழுதினாள்.

எதிர் மேசை வெய்க்கோ எட்டிப் பார்த்தான்.

“என்னம்மா, உன் தெருவ ஏரி முழுங்குது போல? நெஜமாவே போய்ப் பாத்தியா, இல்ல நாற்காலியிலருந்தே பாத்துட்டியா?”

“பாத்தேன்ப்பா. படம்தான் கோளாறு. உன் வேலையப் பாரு.”

ஹில்க்கா அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தாள்?

வீட்டில் கணவன் தவுனோ தனியாக இருந்தான். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து ஊன்றுகோல் இல்லாமல் எழ முடியாதவன். போன் செய்தாள்.

“எல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கு. ஆனா ரைலி, கெட்டில் கொதிக்குது, சத்தமே வரல.”

“காதுல மெஷின் மாட்டியிருக்கியா?”

“மாட்டாமத்தான் உன் அதட்டல் கேக்குதாக்கும்? கோலக் கீழ போட்டுப் பாத்தேன். அதுக்கும் சத்தமில்ல. சீக்கிரம் வா.”

பேருந்திலிருந்து இறங்கியபோது வீடுகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. கூரைகளில் பனி, ஜன்னல்களில் விளக்கு, யாரோ சவுனா நீராவிக் குளியலுக்கு மூட்டிய பிர்ச் மர விறகின் புகை மணம். ரைலிக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. காலணிக்கடியில் பனி நொறுங்க நொறுங்க நடந்தாள்.

மூன்றாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் அது நொறுங்கவில்லை.

நின்றாள். காலால் ஓங்கி மிதித்தாள். சத்தமில்லை. புகை மணமும் இல்லை.

“தவுனோ!”

வாய் திறந்தது. அவள் காதுக்கே எட்டவில்லை.

போன் வெளிச்சத்தைத் தன் வீட்டின் மஞ்சள் சுவர்மேல் அடித்தாள். வெளிச்சம் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. எதன்மேலும் விழவில்லை. சுவர் இருந்த இடம் வழவழப்பான கருப்பு. அதற்குமேல் கூரை. கூரைமேல் பனி.

ஜன்னல் மட்டும் எரிந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் தவுனோ. கையில் கோல் இல்லை. இரண்டு கையாலும் கண்ணாடியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஹில்க்கா அம்மா. அவளுக்குப் பின்னால் மற்ற வீட்டுக்காரர்கள், சுவரோடு சுவராக, நெருக்கியடித்துக்கொண்டு.

எல்லா வாயும் திறந்து மூடின. எல்லாம் ஒரே பெயரை.

அவள் பெயரை.