ஈரப் பஞ்சு

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்தபோது ஃபேன் நின்றிருந்தது. வைண்டிங்காரர் மல்லாந்து கிடந்தபடியே மூன்று இறக்கைகளையும் பார்த்தார். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தார். ஆனால் சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் சுவிட்சைப் பார்த்தார். அணைத்திருந்தது.

நாற்பது வருஷம் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றிப் பிழைத்த ஆள். ஃபேன் எதனால் நிற்கும் என்று அவருக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம். கண்டன்சர் போகும், காயில் கருகும், பேரிங் தேயும். சுவிட்ச் தானாக அணையாது. வீட்டில் அவரைத் தவிர ஆளும் கிடையாது. மனைவி செத்து நாலு மாதம் ஆகிறது. ஒரே மகள் மூன்று மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் இருக்கிறாள்.

ஊரில் எவனையும் நம்பாதவர், தன்னை மட்டும் நம்புவாரா? நாமே அணைத்துவிட்டு மறந்திருப்போம், புத்தி மழுங்குகிற வயசுதானே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். இருந்தாலும் அன்று சாயங்காலமே சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினார்.

மறுநாள் மத்தியானமும் ஃபேன் நின்றிருந்தது. புதுச் சுவிட்சும் அணைந்திருந்தது.

மூன்றாம் நாள் கண் விழித்தபோது கழுத்து வலித்தது. தலைக்கடியில் இரண்டு தலையணை இருந்தது. அவர் ஒற்றைத் தலையணைக்காரர். இரண்டாவது செத்துப்போன மனைவியுடையது. அவள் போன அன்றே அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். போய்ப் பார்த்தால் அலமாரி பூட்டியபடி இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

ஃபேனை நிறுத்துவது, தலையை உயர்த்துவது. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கேயோ என்ன, அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

அவர் அண்ணனுக்கு யாரோ செத்தவருடைய கண்ணால் பார்வை திரும்பியது. அதிலிருந்து ஒன்பது வருஷமாக வைண்டிங்காரர் கண்தானச் சங்கத்துக்குச் சம்பளமில்லாத ஆள். சாவு நடந்த வீட்டிலிருந்து சங்கத்துக்குப் போன் வந்தால், ஆபீஸம்மா அந்த நம்பரை இவருக்குக் கொடுப்பாள். இவர் ஹாலில் இருக்கிற போனிலிருந்து அந்த வீட்டுக்காரர்களிடம் பேசுவார். எழுதி வைத்துப் படிப்பதில்லை, மனப்பாடம்.

"முதல்ல ஃபேனை நிறுத்துங்க. கண்ணை மூடி விடுங்க. தலைக்கு ரெண்டு தலையணை கொடுங்க. சுத்தமான பஞ்சைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு இமை மேல வைங்க. ஆறு மணி நேரந்தாங்க நமக்கு டைம். டெக்னீஷியனைக் கூட்டிட்டு நான் வந்துடறேன். எல்லாம் முடிஞ்சதும் நீங்க ஃபேன் போட்டுக்கலாம்."

அந்தப் போனுக்கு இரண்டடி தள்ளித்தான் மனைவியுடைய தையல் மெஷின். அவள் தையற்காரி. அவர் போன் பேசும்போதெல்லாம் மிதியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். "தூக்கத்துல எழுப்பினாக்கூட நான் ஒப்பிச்சுடுவேன். எனக்கும் சங்கத்துல ஒரு அட்டை வாங்கிக் கொடுங்க" என்று சிரிப்பாள்.

ஆனால் அவள் கண்ணைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அதுதான் விஷயம்.

அவளுக்கு இருட்டு ஆகாது. கல்யாணமான புதிதிலிருந்தே ஒரு சின்ன பல்பு எரிந்தால்தான் தூங்குவாள். கரண்ட் போனால் சுவரைத் தடவிக்கொண்டு மூச்சு வாங்க நிற்பாள். கடைசி வாரம் படுக்கையில் கிடந்தபோது அவர் கையைப் பிடித்துத் தெளிவாகவே சொன்னாள். "என்னங்க, மத்ததெல்லாம் உங்க இஷ்டம். என் கண்ணை மட்டும் எடுத்துடாதீங்க. போற இடத்துல எனக்கு வழி தெரியணும். இருட்டுல விட்டுடாதீங்க."

சரி என்று தலையாட்டினார்.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஒரு சாவு வீட்டில் ஒருத்தன் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டிருந்தான். "ஊரான் வீட்டுக் கண்ணுக்கெல்லாம் பை தூக்கிட்டு வர்றீங்களே பெரியவரே, உங்க வீட்டுல யாராவது கொடுத்தாங்களா?" அந்தப் பேச்சு மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுபோனது. அவள் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் போனாள். மகள் வந்துசேர மூன்று மணி நேரம் ஆகும். வைண்டிங்காரர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். பஞ்சை நனைத்தார். டெக்னீஷியன் ஃபாரத்தை நீட்டி, "அம்மாவோட விருப்பந்தானுங்களே?" என்று கேட்டபோது, "அவளே சொன்னா" என்று கையெழுத்துப் போட்டார். செத்தவளுக்கு எதுக்குக் கண்ணு, எங்கேயோ ரெண்டு பேர் பார்க்கட்டுமே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அந்த ரெண்டு பேரும் இப்போது நன்றாகத்தான் பார்க்கிறார்கள். நல்ல காரியம்தான். பொய் மட்டும் பொய்.

டெக்னீஷியன் வேலையை முடித்து, இமை உள்ளே விழுந்துவிடாமல் இருக்க, கோட்டுப் பட்டன் அளவில் குழிந்த பிளாஸ்டிக் மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணிலும் வைத்து மூடினான். முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது. மகள் வந்து அழுதுவிட்டு, "அம்மா பெரிய மனசுக்காரி" என்றாள்.

நாலாம் நாள் காலையில் தையல் மெஷினுக்குக் கீழே ஒரு துண்டு நூலைப் பார்த்தார். கறுப்பு நூல். நுனி எச்சில் பட்டு ஈரமாக, பிரிபிரியாக இருந்தது. ஊசிக் காதில் நுழைக்கிறேன் நுழைக்கிறேன் என்று குத்திக் குத்தி நைந்துபோன நுனி. பக்கத்தில் இன்னொன்று. குனிந்து பார்த்தார். மிதியைச் சுற்றிலும், மெஷின் பலகை மேலும், அவள் உட்காருகிற ஸ்டூலிலும் இருபது முப்பது துண்டுகள். எல்லாம் ஈரம். ஒன்றுகூட ஊசியில் நுழைந்திருக்கவில்லை.

சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறை. மெஷின் எண்ணெய்க் கறை. படுக்கையறை வாசலில் தொடங்கி, ஹாலைச் சுற்றி, போன் வரைக்கும் ஒரே கோடாக ஓடியது. யாரோ கையை எடுக்காமல் தடவிக்கொண்டே நடந்த மாதிரி.

எவனோ சாவி போட்டு உள்ளே வருகிறான் என்று முடிவுக்கு வந்தார். அப்படித்தானே அவர் நினைக்க முடியும். பூட்டை மாற்றினார். கதவுக்கு அண்டையாக நாற்காலியைப் போட்டார். மகள் வீட்டுக்குப் போய்விடலாம்தான். போனால் ஏன் வந்தீர்கள் என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள், மூன்று மணி சுமாருக்குப் போன் அடித்தது. எழுந்தபோது ஃபேன் நின்றிருந்தது, தலைக்கடியில் இரண்டு தலையணை. அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் நடந்துபோய் எடுத்தார். ஆபீஸம்மா.

"ஐயா... நீங்கதானா பேசறது?"

"பின்ன எங்கப்பனா பேசுவான்? சொல்லும்மா."

"ஐயோ, நல்லா இருக்கீங்கல்ல? உசிரே போயிடுச்சு எனக்கு. அரை மணிக்கு முன்னால உங்க வீட்டு நம்பர்லேருந்து ஒரு போன். ஒரு அம்மா பேசினாங்க. அவரு போயிட்டாருன்னாங்க. ஃபேனை நிறுத்திட்டேன், தலையணை வெச்சுட்டேன், பஞ்சு மட்டும் கைக்கு அகப்படலை, தேடிட்டு இருக்கேன், வாங்கன்னு சொன்னாங்க. டெக்னீஷியன் பையை எடுத்துட்டாரு. நாந்தான் எதுக்கும் ஒரு தடவை கேட்டுடறேன்னு..."

"எவளோ விளையாடறா" என்றார்.

"வெறும் குரல்னா பரவாயில்லைங்க ஐயா. அது..." ஆபீஸம்மா நிறுத்தினாள். எத்தனை தடவை இந்த நம்பருக்குப் போட்டு, இவர் மனைவி எடுத்து, இரண்டு பெண்களும் ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். "சரி விடுங்க. நாளன்னைக்கு நம்ம சங்கத்து விழா, கண்ணு கொடுத்தவங்க குடும்பத்துக்கெல்லாம் மரியாதை செய்யறோம். பழைய சட்டையில வந்து நிக்காதீங்க. அம்மாவோட படத்தையும் மேடையில வைக்கிறோம். அவங்களைப் பத்தி நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

போனை வைத்தார். ரிசீவரில் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

வீட்டில் இருந்த பஞ்சையெல்லாம் பொறுக்கி ஒரு பையில் கட்டினார். காயத்துக்கு வைக்கிற பஞ்சுச் சுருள், சங்கத்துப் பையில் கிடந்தது, மெத்தை ஓரம் கிழிந்து துருத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, காலையில நேரா விழாவுக்கு வந்துடறேன். சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"ஒண்ணு கேக்கணும்ப்பா. கோவிச்சுக்கக் கூடாது. அம்மா நிஜமாவே சரின்னாங்களா? எங்கிட்ட ஒரு தடவை, உங்கப்பா செய்யறது நல்லதுதாண்டி, ஆனா என் கண்ணு எனக்கு வேணும்னு சொன்னாங்க. அது மனசை அரிச்சுட்டே இருக்கு. நாளைக்கு மேடையில நீங்க பேசறதுக்கு முன்னால எனக்கு மட்டும் சொல்லுங்க. நீங்க எது சொன்னாலும் நான் உங்க பொண்ணுதான்."

இதைவிடப் பெரிதாகக் கதவை யாரும் திறந்துவிட முடியாது. வைண்டிங்காரர் வாயைத் திறந்தார். எதிரே தையல் மெஷின். ஊசிக்கு நேராக ஒரு நூல், காற்றில்லாத இடத்தில், நுனி மட்டும் மேலே நிமிர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. யாரோ விரலிடுக்கில் பிடித்துக் காத்திருக்கிற மாதிரி.

"அவதான் சொன்னா. அவ வாயாலயே சொன்னா. போதுமா?"

நூல் கீழே விழுந்தது.

போனை வைத்த பிறகு, இன்றைக்குத் தூங்குவதில்லை என்று தீர்மானித்தார். ஹால் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, சுவிட்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் வெயில் தரையில் சதுரமாக விழுந்து கிடந்தது. தெருவில் ஒரு வண்டி போயிற்று, எங்கோ பாத்திரம் உருண்டது, ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது, தலைக்கு மேலே அவர் கையால் சுற்றிய காயில் சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நம்பினார். உலகத்தில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

டக்.

சுவிட்ச் அவர் கண் முன்னாலேயே அணைந்தது.

ஃபேன் வேகம் குறைந்தது. வட்டமாகத் தெரிந்தது இறக்கையாகத் தெரிந்தது. மூன்று. நின்றது.

சுவரில் ஒரு சத்தம். சர்ர். உள்ளங்கை சுண்ணாம்பைத் தேய்க்கிற சத்தம். படுக்கையறைப் பக்கமிருந்து. சர்ர். நிற்கும். மறுபடியும். எண்ணெய் வாசனை முன்னால் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார்.

"இந்தா... இங்க பாரு" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "நான் பொய் சொல்லிட்டேன். நாளைக்கு மேடையில சொல்லிடறேன். எல்லார் முன்னாலயும். சத்தியமா."

தேய்ப்பு நின்றது.

காதுக்குப் பக்கத்தில், அவர் வருஷக்கணக்காய்ச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே பதத்தில், பொறுமையாக ஒரு குரல்.

"ஆறு மணி நேரந்தாங்க."

ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனி ஒன்று அவர் நெற்றியில் பட்டது. இறங்கியது. புருவம். இமை. தடவிப் பார்த்தது. மெதுவாக மூடிவிட்டது.

அப்புறம் ஜில்லென்று ஈரம்.

விழிப்பு வந்தபோது மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு தலையணை. இமை மேல் ஈரமாக ஏதோ கனத்தது. எடுத்தார். பஞ்சு. எங்கிருந்து கிடைத்ததோ. மற்றதையும் எடுத்தார்.

இருட்டு.

இரவாகிவிட்டது போல. கரண்ட் வேறு போய்விட்டது. அப்படித்தான் நினைத்தார். ஃப்ரிட்ஜ் உறுமியது. தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். ஜன்னல் பக்கமிருந்த கையில் வெயில் சுட்டது.

வெயில்.

கையை முகத்துக்குக் கொண்டுபோனார். வலியில்லை. மூடிய இமையை விரலால் தொட்டார். அமுங்கவில்லை. உள்ளே வழவழப்பாக, வளைவாக, விளிம்போடு. கோட்டுப் பட்டன் அளவுக்கு.

ஹாலில் ஸ்டூல் நகர்ந்தது. நூலைப் பல்லால் கடிக்கிற சத்தம். ஒரு கணம் நிசப்தம். ஒரே கணம்தான். பிறகு மெஷின் ஓடியது. தடதடவென்று, ஓரிடத்திலும் தட்டாமல், நீளமாக ஒரே நேர்த்தையல்.

நின்றது.

காலடி கேட்டது. சுவரைத் தடவாமல், அறையின் நடுவே, நேராக வந்தது. கட்டிலைச் சுற்றிப் போயிற்று. சுவிட்ச் தட்டியது.

"இப்ப ஃபேன் போட்டுக்கலாம்ல?"

தலைக்கு மேலே ரீங்காரம் தொடங்கியது. காற்று முகத்தில் இறங்கியது. இமை மேலிருந்த ஈரம் மெல்லக் காய ஆரம்பித்தது.