சதாசிவன் வீட்டு மோட்டார்

காலை ஆறு மணிக்குக் கதவை உடைத்தபோது சத்தியராஜின் தலையணை முழுக்க ரத்தம். மூக்கிலும் வாயிலும் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்துச் சதாசிவன் வீட்டைப் பார்த்த ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. வெள்ளறடைப் பக்கத்து அந்த ஊருக்குச் சதாசிவனைச் சந்தேகிக்க அது போதும். ரப்பர் ஷீட் அடிக்கும் மோட்டாரை ராத்திரியெல்லாம் ஓடவிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறான் என்று சத்தியராஜ் இரண்டு வாரமாகச் சண்டை பிடித்துவந்தார். ஒருநாள் பொறுமையிழந்த சதாசிவன், "ஒருநாள் உமக்கு தலெ இருக்காது" என்று சொன்னதை நாலு பேர் கேட்டிருந்தார்கள்.

எட்டரை மணிக்கு எஸ்.ஐ. பிரசீதா அந்த ஜன்னலைப் பார்த்தாள். கம்பி போட்ட ஜன்னல்; கட்டிலோ எதிர்ச்சுவரில். வெளியே நின்று அடிக்க ஆறடிக் கை வேண்டும். பிறகு சதாசிவன் வீட்டுக்குப் போனாள். அங்கே மோட்டாரே இல்லை, கையால் சுற்றும் ரோலர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

"ஷீட்டு அடிச்சு ஒரு வருசம் ஆச்சு மேடம். இப்ப ரப்பரெ பாலாட்டே குடுக்கேன்," என்றார் சதாசிவன். "மழையிலெ கறண்டு போன அண்ணைக்கும் மோட்டாரு ஓடுதுன்னு வந்து நிண்ணாரு. நான் என்ன செய்ய?"

பொய்யாக இருக்கலாம். ஆனால் துரு பொய் சொல்லாது என்பது பிரசீதாவின் கட்சி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தன்யா மூக்கில் துணி அடைத்து ரத்தத்தை நிறுத்தியிருந்தார். ரத்த அழுத்தம் கூடியதால் வந்திருக்கும், நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். சத்தியராஜ் ஊசி மருந்தின் மயக்கத்தில் இருந்தார். வலது கண் மட்டும் சிவந்து, வெளியே தள்ளியிருந்தது. கன்னத்தில் மங்கிப்போன ஒரு மஞ்சள் தடம்.

"செங்கண்ணாக்கும், மூணு வாரமா உண்டு," என்றாள் மனைவி பிரேமகுமாரி. அடி எதுவும் படவில்லை என்று யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னாள். தொற்றும் கண்வலியான செங்கண் மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு ஒட்டவில்லை.

மகன் ஜிஜின் ஆரியங்கோட்டில் சித்தி வீட்டிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தான். அவன் வீட்டை விட்டுப் போயும் மூன்று வாரம்தான். அபராதக் கேமராவுக்குப் பயந்து எல்லாரும் ஹெல்மெட் மாட்டுகிற சாலையில் வெறுந்தலையோடு வந்திருந்தான்.

கரண்டு இல்லாத அன்றும் கேட்ட மோட்டாரை நினைத்துக்கொண்டே பிரசீதா டாக்டரிடம், அந்தக் கண் இமைமேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொன்னாள். தன்யா சிரித்துக்கொண்டேதான் வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நாடித்துடிப்போடு சேர்ந்து உஸ், உஸ் என்று ஒரு இரைச்சல்.

முகத்தில் பலமாக அடிபட்டால் கண்ணுக்குப் பின்னால் உள்ள தமனி கிழிந்து, பக்கத்துச் சிரைக்குள் ரத்தம் பீய்ச்சும் என்றார் தன்யா. கண் பிதுங்கும், தலைக்குள் சத்தம் கேட்கும். சில நாள் கழித்து மூக்கு வழியாகவும் கொட்டும். அடுத்த தடவை கொட்டினால் நிறுத்த முடியாது. "எப்போ, எதனால அடிபட்டது? திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், அங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

பிரேமகுமாரி மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரசீதாவுக்கு அவள்மேல் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன.

"அந்த மோட்டார் ஓடினது இவருக்கெ தலைக்குள்ளெயாக்கும்," என்றாள் பிரசீதா. "ராத்திரி ஊரு அடங்கின பிறகுதான் அது கேக்கும். சதாசிவன் தொடவே இல்ல. அடிச்சது மூணு வாரம் முன்ன, இவங்களுக்கெ வீட்டுக்குள்ளெ. ஜிஜின், உனக்கெ ஹெல்மெட்டு எங்கெ?"

"எனக்க பிள்ளெ ஒண்ணும் செய்யேல்ல," என்று குறுக்கே வந்தாள் தாய்.

ஜிஜின் அவளை விலக்கிவிட்டு டாக்டரிடம் சொன்னான். "ஹெல்மெட்டு வச்சு நான்தான் அடிச்சேன். வலத்து கன்னத்திலெ. அம்மையெ அடிக்க கை ஓங்கினாரு."

திருவனந்தபுரத்தில் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிச்சுருள் வைத்துக் கிழிசலை அடைத்தார்கள். மறுநாள் வாக்குமூலம் வாங்க பிரசீதா போனபோது சத்தியராஜ் விழித்திருந்தார். மகன் ஸ்டேஷனில் இருப்பதை மனைவி சொல்லியிருந்தாள்.

"அவன் அடிச்சது உள்ளதுதான் மேடம்," என்றார். "அதுக்கு மேலெ, இவளெ நான் இருவது வருசமா அடிச்சதையும் எழுதணும்."

அதுவரை கண் கலங்காமல் நின்ற பிரேமகுமாரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.